மாத்திரை இலவசம்தான், போய் வாங்குவதுதான் செலவு

சூளைமேட்டில் ஒரு மூன்றாவது மாடி ரூமில் ஐந்து பேர் தங்கியிருந்தோம். எல்லோரும் பைக்கில் சாப்பாடு டெலிவரி பண்ணுகிறவர்கள். எச்ஐவி மாத்திரை வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் வரும், உள்ளே 30 மாத்திரை. டப்பாவை எடுத்தாலே கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கேட்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாலு பேர் தூங்கிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் எனக்கு இடி மாதிரி இருக்கும். கடைசியில் மெடிக்கலில் பஞ்சு வாங்கி டப்பாவுக்குள் திணித்தேன். சத்தம் நின்றது. இந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது, அதற்குள் எத்தனை நாள் மாத்திரை போடாமல் படுத்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. இதையெல்லாம் முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எச்ஐவி எப்படி வந்தது என்பதை மட்டும் எழுதப் போவதில்லை. அது தெரிந்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சர்க்கரை வந்தவனிடம் யாரும் அப்படிக் கேட்பதும் இல்லை.

எனக்குச் சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். 2022 பொங்கல் முடிந்து சென்னை திரும்பிய இரண்டாவது வாரம், மழை ஈரத்தில் வண்டி சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. அதற்கு முன்பே நாலைந்து மாதமாக உடம்பு சரியில்லை. சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி பனியன் நனைகிற அளவுக்கு வியர்வை, பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டிருந்தேன். தெருமுனை கிளினிக்கில் டைபாய்டு என்று ஊசி போட்டார்கள், இன்னொரு இடத்தில் வெயிலில் அலைகிற சூடு என்றார்கள். ஊசி, ரத்த டெஸ்ட், டானிக் எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். நாக்கில் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் காட்டினேன், வயிற்றுப் புண் என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், இருமல், எடை குறைவது, ராத்திரி வியர்ப்பது, இதில் ஏதாவது இருந்தால் கிளினிக் கிளினிக்காகப் போகாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் டிபிக்குச் சளி டெஸ்ட்டும் எடுத்து, அங்கேயே இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள். இரண்டும் இலவசம். நான் ஐந்து மாதம் முன்னாடி போயிருந்தால் கதையே வேறு.

கை உடைந்ததும் அக்கா வீட்டு மாமாதான் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார். பிளேட் வைக்க வேண்டும் என்று 15,000 அட்வான்ஸ் வாங்கினார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள், எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை மாமாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "உனக்கு ஆபரேஷன் இங்க இல்லையாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். பதில் இல்லை. கிளம்பும்போது என் படுக்கை விரிப்பை ஒரு ஆயா கையுறை போட்டு நுனியில் பிடித்து உருவினார், அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. அட்வான்ஸில் 9,000 திரும்பி வந்தது. 6,000 பெட் வாடகையாம். ஒரு ராத்திரிக்கு.

அந்த நர்சிங் ஹோம் செய்ததில் ஒன்றுகூடச் சட்டப்படி சரியில்லை என்பது எனக்கு ஒன்றரை வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. எச்ஐவி எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் என்று 2017ல் ஒன்று போட்டிருக்கிறார்கள், 2018 செப்டம்பர் 10லிருந்து அமலில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, ரிசல்ட்டை உங்கள் அனுமதி இல்லாமல் அடுத்தவரிடம் சொல்லக் கூடாது, எச்ஐவி இருக்கிறது என்பதற்காக வைத்தியம் பார்க்க மாட்டேன் என்று சொல்லக் கூடாது, அதைக் காரணம் காட்டி வேலையை விட்டும் தூக்கக் கூடாது. புகார் கொடுக்க மாநில அளவில் குறைதீர்ப்பாளரும் உண்டு. சட்டத்தைச் சொன்னால் உடனே காலில் விழுந்துவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, கை உடைந்து கிடக்கிறவன் சண்டை போட முடியாது. ஆனால் "ஏன் ஆபரேஷன் பண்ண மாட்டீங்கன்னு எழுதிக் கொடுங்க" என்று கேட்டிருக்கலாம். எழுதிக் கொடுக்கத் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்திலேயே பாதி விஷயம் நடக்கும். இந்தக் கிருமியை இந்தியாவில் முதன்முதலில் கண்டுபிடித்ததே நம்ம சென்னையில்தான், 1986ல். அதே ஊரில் இத்தனை வருஷம் கழித்தும் விரிப்பை நுனியில் பிடிக்கிறார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் காத்திருந்து பிளேட் வைத்தார்கள். அங்கே கேட்டுவிட்டுத்தான் டெஸ்ட் எடுத்தார்கள், மூன்று விதமான கிட்டில் பார்த்து உறுதி செய்தார்கள், கவுன்சிலர் மேடம் கதவைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்பதில் பாதி என் காதில் ஏறவில்லை. எச்ஐவி மாத்திரை கொடுக்கிற ஏஆர்டி மையத்துக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார். அந்தச் சீட்டை நாலாக மடித்து வண்டி டேங்க் கவருக்குள் வைத்தேன். நாலு மாதம் அது அங்கேயே இருந்தது.

கை கூடும்வரை அக்கா வீட்டில் இருந்தேன். எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், சோப்பு தனி. அக்கா அழுதுகொண்டேதான் செய்தாள், குழந்தைகள் இருக்கிற வீடு என்றாள். சேர்ந்து சாப்பிட்டால் வராது என்று சொல்ல எனக்கே அப்போது தைரியம் இல்லை, எனக்கே சந்தேகம்தான். மாமா பாவம், நல்லது செய்வதாக நினைத்து யாரிடமோ விசாரித்து ஊருக்கு வெளியே ஒரு வைத்தியரிடம் கூட்டிப் போனார். லேகியம் ஒரு டப்பா, சூரணம் பொட்டலங்கள், 45 நாள் கோர்ஸ் 18,000. இரண்டு கோர்ஸ் முடித்தால் ரத்தம் சுத்தமாகிவிடும், அதுவரைக்கும் இங்கிலீஷ் மருந்து தொடக் கூடாது என்றார். அம்மாவின் செயினை அடகு வைத்தோம், கை ஆபரேஷனுக்கு என்று அம்மாவிடம் சொன்னோம். 36,000 போனது. என் மூடத்தனம் என்று இப்போது எழுதுவது சுலபம், ஆனால் அன்றைக்கு "முழுசாக் குணமாகும்" என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். ஆஸ்பத்திரியில் யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை, இவர் சொன்னது பொய், ஆனால் கேட்க நன்றாக இருந்தது பொய்தான். எய்ட்ஸைக் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்கவே கூடாது என்று மருந்து விதிகளில் ஒரு பட்டியலே இருக்கிறது, ஜே அட்டவணை என்பார்கள். குணமாக்குகிறேன் என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது கோர்ஸ் முடிவதற்குள் கழுத்தில் கட்டி, நடந்தாலே மூச்சு வாங்கியது. ஜூன் மாதம் டேங்க் கவரிலிருந்து சீட்டை எடுத்தேன், மழையில் நனைந்து எழுத்து பாதி அழிந்திருந்தது. முதல் நாள் ஆதார் எடுத்துப் போகாததால் பதிவு பண்ணவில்லை. என் ஆதாரில் ஊர் அட்ரஸ், அதைக் கொடுத்தால் ஊருக்குக் கடிதம் போகுமோ என்று இன்னொரு வாரம் போகவில்லை. பிறகு கேட்டால் கவுன்சிலர் சிரிக்கிறார், "அட்ரஸ் எந்த ஊரா இருந்தா என்ன தம்பி, கடிதாசி எல்லாம் யாருக்கும் போடறதில்ல." அதனால் ஆதார், இரண்டு போட்டோ, டெஸ்ட் சீட்டு, மூன்றையும் முதல் நாளே கொண்டு போங்கள். மூன்றுக்கும் செல்லில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு ஆனதும் ஒரு பச்சை புக் தருவார்கள், அதையும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுங்கள், அது இருந்தால் எந்த ஊரில் மாட்டிக்கொண்டாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

முதல் மாதத்தில் மட்டும் ஆறு தடவை போனேன். ரத்தம் எடுக்க ஒரு நாள், சிடி4 (ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அணுக்கள் எத்தனை இருக்கிறது என்ற கணக்கு) ரிசல்ட்டுக்கு ஒரு நாள், எக்ஸ்ரே, சளி, கட்டியில் ஊசி வைத்து எடுக்க, கவுன்சிலிங் என்று தனித்தனி நாள். ஒவ்வொரு தடவையும் ஏழரைக்குப் போய் மதியம் ஒன்றரைக்கு வெளியே வருவேன். மதிய ஆர்டர்தான் எங்களுக்குச் சோறு, அது போய்விடும். ஒரு நாளைக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் வரிசையில் என் முன்னால் ஒரு பெரியவர். "இப்ப உங்களுக்கெல்லாம் சுகம் தம்பி" என்று ஆரம்பித்தார். 2004 ஏப்ரலில் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது நாட்டிலேயே எட்டு ஆஸ்பத்திரிதான், அதில் தாம்பரம் சானடோரியம் ஒன்று. அப்போது சிடி4 200க்குக் கீழே போனால்தான் மாத்திரை. "நான் 260 இருந்தேன். இன்னும் கொஞ்சம் மோசமானா வாங்கன்னு அனுப்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, சினிமா காமெடி சொன்ன மாதிரிச் சிரித்தார். 2017லிருந்து சிடி4 எவ்வளவு இருந்தாலும் பாசிட்டிவ் என்றால் மாத்திரை உண்டு. அவர் காத்திருந்து வாங்கியதை நான் டேங்க் கவரில் வைத்திருந்தேன். என் சிடி4 96.

கழுத்துக் கட்டி டிபி. எச்ஐவி மாத்திரை கொடுப்பார்கள் என்று போனால் முதலில் டிபி மாத்திரை, இரண்டு வாரம் கழித்துத்தான் அது என்றார்கள். தள்ளிப் போடுகிறார்கள் என்று கோபம் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி திடீரென்று எழுந்து கட்டி இன்னும் வீங்கலாம், அதனால்தான் அப்படி என்பதை நானாகக் கேட்ட பிறகு சொன்னார்கள். கேளுங்கள், கேட்டால் சொல்கிறார்கள், கேட்காவிட்டால் அவர்களுக்கு நேரம் இல்லை. டிபி மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு ஜூஸ் மாதிரி போகும், இதை எனக்கு யாரும் முன்னாடி சொல்லவில்லை, ரத்தம் என்று நினைத்து பாத்ரூமிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐந்து பேருக்கு ஒரே கக்கூஸ், இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். ரூமில் டிபி என்று மட்டும் சொன்னேன், அதற்கே ஒருவன் பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். டிபி இருக்கும்வரை சத்துணவுக்கு மாதாமாதம் பேங்க்கில் பணம் போடுகிறார்கள், 2022ல் எனக்கு மாதம் 500 ரூபாய், பாஸ்புக் நகலைப் பதிவு பண்ணும்போதே கொடுத்துவிடுங்கள். எனக்கு மூன்று மாதக் காசு மொத்தமாக வந்தது.

எச்ஐவி மாத்திரை ஒன்றுதான், ஒரே மாத்திரையில் மூன்று மருந்து. டிபி மருந்து அதில் ஒன்றின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், டிபி இருக்கும்வரை அந்த ஒரு மருந்தை மட்டும் 12 மணி நேரம் கழித்து இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். காலையில் ஒன்பது, ராத்திரி ஒன்பது. ராத்திரி ஒன்பது மணி என்றால் எங்கள் தொழிலில் உச்சி வெயில் மாதிரி. பிரியாணிக் கடை வாசலில் நின்று போட்டிருக்கிறேன். வயிறு எரிகிறது என்று ஜெலுசில் குடிப்பது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம், நேரத்துக்குச் சாப்பிடாத தொழில். அதை இந்த மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரையும் அப்படித்தான். எச்ஐவி மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஜெலுசில் குடிக்கலாம், முதலில் ஜெலுசில் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் விட்டு மாத்திரை. நான் இரண்டு மாதம் தெரியாமல் சேர்த்துக் குடித்தேன். டப்பாவை மறைக்கிறேன் என்று மாத்திரையைப் பேப்பரில் மடித்துப் பர்ஸில் வைத்து வியர்வையில் ஊறவைத்ததும் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள், டப்பாவிலேயே இருக்கட்டும், லேபிளை வேண்டுமானால் கிழித்துவிடுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

டிசம்பரில் டிபி முடிந்தது. எடை 52லிருந்து 61. கண்ணாடியில் பழைய முகம் தெரிந்தது. அங்கேதான் விழுந்தேன். 2023 மார்ச்சில் ஐபிஎல் ஆரம்பித்தது, அந்த இரண்டு மாதம் ராத்திரியில் ஆர்டர் கொட்டும், இன்சென்டிவ் நல்லா வரும், ஆனால் தினமும் லாக் இன் பண்ணினால்தான் அந்தக் காசு. மாத்திரை வாங்கப் போக வேண்டிய என் தேதி ஒரு வேலை நாளில் வந்தது. அடுத்த வாரம் போகலாம் என்று விட்டேன். அடுத்த வாரமும் விட்டேன். மூன்றாவது வாரம் மாத்திரை தீர்ந்துவிட்டது, இப்போது போனால் திட்டுவார்களே என்று பயம் வந்தது. மையத்திலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார்களோ என்று சிம்மையே மாற்றினேன். ஐந்து மாதம். மாத்திரை வேண்டாம் என்று நான் ஒருநாளும் முடிவு எடுக்கவில்லை, யாராவது அப்படி முடிவெடுத்து நிறுத்துகிறார்களா என்பதே எனக்குச் சந்தேகம். ஒரு நாள் கூலிக்காகத் தள்ளிப் போட்டது, அப்புறம் வெட்கம், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் பழைய காய்ச்சல் திரும்பியது. போனேன். டாக்டர் திட்டினார், நன்றாகவே திட்டினார். விட்டு விட்டுப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் இந்த மாத்திரை வேலை செய்யாது என்றார். ஐந்து நிமிஷம். ஐந்து மாதம் நான் பயந்தது அந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான். வெளியே வந்தபோது மையத்தில் வேலை செய்கிற ஒரு அக்கா கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்தார். "என்ன வேலை பாக்கறே, எத்தனை மணிக்குப் போவே?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொன்னேன். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றவர், தானும் பதினான்கு வருஷமாக இதே மாத்திரை போடுவதாகச் சாதாரணமாகச் சொன்னார், டீ குடித்தியா என்று கேட்கிற மாதிரி. ஏஆர்டி மையங்களில் இப்படிப் பாசிட்டிவாக இருக்கும் ஒருவர் வேலையில் இருப்பார், போன முதல் நாளே அவரைத் தேடிப் பிடியுங்கள்.

அந்த அக்கா சொல்லித்தான் தெரிந்தது. உடம்பு நிலையாக இருந்து ஒழுங்காக வந்தால் இரண்டு மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கேட்டு வாங்கலாம். ரூம் மாறினால் பக்கத்து மையத்துக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் கேட்கலாம். ஊருக்குப் போய் மாட்டிக்கொண்டால் அங்கே இருக்கும் மையத்தில் பச்சை புக்கைக் காட்டி வாங்கலாம், போன பொங்கலுக்கு எங்கள் மாவட்டத்தில் நானே அப்படி வாங்கினேன். வீட்டுக்கு ஆள் வர வேண்டாம், போனில் மட்டும் பேசுங்கள் என்று சொன்னால் அப்படியே எழுதி வைத்துக்கொள்கிறார்கள், அதற்காகச் சிம் மாற்றத் தேவையில்லை. தேதிக்கு மூன்று நாள் முன்னாடியே போகலாம், மாத்திரை தீரும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். எங்கள் மையத்தில் செவ்வாய், வியாழன் கூட்டம் குறைவு, உங்கள் இடத்தில் எந்த நாள் என்று வாட்ச்மேனைக் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். பெண்களுக்கு வெள்ளை போர்டு பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அந்த வகையில் கொஞ்சம் மிச்சம். யாரிடமும் பேச முடியாத ராத்திரிகளுக்கு 1097 என்ற நம்பர் இருக்கிறது, காசு ஆகாது, பெயர் கேட்க மாட்டார்கள். நான் இரண்டு தடவை பேசியிருக்கிறேன். முதல் தடவை ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

2024 பிப்ரவரியில் வைரல் லோடு டெஸ்ட், அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது, கிருமி கண்டறியப்படவில்லை என்று வந்தது. இந்த நிலையில் தொடர்ந்து மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் உடலுறவு மூலமாக அடுத்தவருக்குப் போகாது என்று டாக்டர் சொன்னார். அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். பதில் எழுதவில்லை. அடுத்த தடவை போனபோது எனக்கும் எவர்சில்வர் தட்டில், எல்லோருக்கும் போடுகிற தட்டில் போட்டாள். ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிளினிக் 6,400, நர்சிங் ஹோம் 6,000, லேகியம் 36,000, இரண்டு வருஷத்தில் ஆஸ்பத்திரிக்காக விட்ட நாள் நாற்பது, அது 28,000. மொத்தம் 76,400. இதில் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரைக்கும் டெஸ்ட்டுக்கும் கொடுத்தது ஒரு ரூபாய்கூட இல்லை. செயின் இன்னும் அடகில்தான் இருக்கிறது, வட்டி மட்டும் கட்டிக்கொண்டு வருகிறேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா கேட்கிறாள், அடுத்த வருஷம் மீட்டுடலாம்மா என்கிறேன். கைதான் நல்லாயிடுச்சே, அப்புறம் என்னடா இன்னும் செலவு என்கிறாள்.